சொல்லாமல் வைத்திருந்த பெயர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வருவேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை அடுப்படியில் நின்று அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளுக்குக் காத்திருப்பதையே தொழிலாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இணையத்தில் காலாவதியாகும் பெயர்கள் எப்போது விழும் என்று ஐந்து வருடம் காத்துக் கிடந்தேன்.

அது என்ன தொழில் என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். கடையோ கம்பெனியோ பள்ளிக்கூடமோ, எதற்கும் இணையத்தில் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரிப் பெயரை யாரும் ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. காலாகாலத்தில் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ளத்தான் முடியும். கட்ட மறந்தால் உடனே போய்விடாது. முதலில் ஒரு மாதம்போல அவகாசம் உண்டு, வழக்கமான கட்டணத்தைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதையும் விட்டால் இன்னொரு மாதம், அபராதத்தோடு மீட்கலாம். அதுவும் போனால் கடைசி ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் சொந்தக்காரரே தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. அது முடிந்ததும் பெயர் விழும். விழுந்த நொடியில் யாருடைய கோரிக்கை முதலில் போய்ச் சேருகிறதோ, பெயர் அவருக்கு. நான் பிடித்துவந்த வகைப் பெயர்கள் பகலில் விழும். நாள் தெரியும், மணி தெரியாது. அதுதான் ஆளைக் கொல்லும்.

என் கணவர் வங்கியில் வேலை பார்ப்பவர். "அடுத்தவன் எப்ப கடையைக் காலி பண்ணுவான்னு வாசல்ல நின்னு பாக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பார்.

"உங்க பேங்க் ஊரார் வீட்டை ஏலம் விடலையா?" என்று நான் வாயை அடைத்துவிடுவேன். அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். ஆனால் அவர் சொன்னது உள்ளே எங்கேயோ குத்தத்தான் செய்யும்.

இதில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தரமணியில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் பறக்கும் ரயிலில் பழக்கமானவன், அடையாறில் இருப்பவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். இருவருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் வைத்திருந்தோம். எந்தப் பெயரை யார் முதலில் பார்த்தாலும் அதில் ஏற்ற வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிடித்து முடிக்கும்வரை பெயரை வாயால் சொல்லக் கூடாது. போனில் பேசினால் "அந்த நாலெழுத்து இன்னா ஆச்சு யக்கா?" என்பான். "இன்னும் மூணு நாள்" என்பேன். அவ்வளவுதான். வெளியே கசிந்தால் போட்டிக்காரன் வரிசையில் வந்து நிற்பான். அதைவிட மோசம், சொந்தக்காரர் காதில் விழுந்து அவர் பணத்தைக் கட்டிவிடுவார். ஆகவே வீட்டில்கூட மூச்சு விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் எந்தப் பெயரையும் எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகக் காலாவதியானவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பெயரில் கண் நின்றுவிட்டது. சின்னச் சொல், சுத்தமான தமிழ்ச் சொல். பெண் குழந்தைக்கு வைக்கலாம், புடவைக் கடைக்கு வைக்கலாம், நகைக் கடைக்கு வைக்கலாம். இந்த மாதிரிப் பெயரெல்லாம் விழவே விழாது. என் கை அரித்தது. யாருடையது என்று பார்க்க, அந்தத் தளத்தின் பழைய பக்கம் ஒன்றைத் தேடித் திறந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப்போடு சிரித்துக்கொண்டிருந்தார் என் தையல்கார அக்கா.

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் தைக்கிறவர். திருநெல்வேலிப் பக்கம். பதினோரு வருடமாக என் உடம்பில் ஏறிய பிளவுஸ் அத்தனையும் அவர் தைத்தவைதான். அவருடைய வருமானத்தில் பெரும்பாதி வெளிநாட்டிலிருந்து. ஒருமுறை வாட்ஸ்அப்பில் வந்த அளவை நம்பி யாருடைய பட்டுத் துணியையோ பாழாக்கியதிலிருந்து, அந்தத் தளத்தில் ஒரு படிவம் வைத்திருந்தார். எங்கே டேப்பை வைக்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று படத்தோடு இருக்கும். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பெண்கள் அதை நிரப்பி அனுப்ப, இவர் இங்கே தைத்துக் கூரியரில் அனுப்புவார். அவருடைய மெயிலும் அதே பெயரில்தான்.

எப்படிக் காலாவதியாகியிருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். தளத்தைச் செய்து கொடுத்தவன், தவணை முடிகிறது என்று வரும் எச்சரிக்கைகளைத் தன் மெயிலுக்கே வரவைத்திருப்பான். பிறகு தொழிலை விட்டுவிட்டுப் போயிருப்பான். எச்சரிக்கையெல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் தொலைக்கிறார்கள். எங்கள் பிழைப்பே அவர்களால்தான் ஓடியது.

ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் அந்தப் பெயரைப் பட்டியலில் ஏற்றினேன். அவங்க கட்டிடுவாங்க, எப்படியும் கட்டிடுவாங்க, நாம் சும்மா ஒரு துண்டு போட்டு வைப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே அக்காவிடம் போகவேண்டி வந்தது. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பிளவுஸ். அவர் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி அளவெடுக்க ஆரம்பித்தார். என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஏ பிள்ள, சும்மா நில்லுட்டி. புழு மாதிரி நெளியுத."

நின்றேன். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து பிடித்தபடியே அவர் கேட்டார்.

"நீ கம்ப்யூட்டர்லதான கெடக்க? நம்ம வெப்சைட்டு நாலு நாளா தெறக்க மாட்டேங்கு. மெயிலும் ஒண்ணும் வரலை. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவர் விரல் என் நெஞ்சுமேல் இருந்தது, உள்ளே அடித்துக்கொண்டது அவருக்குக் கேட்டிருக்கும். பெயர் காலாவதியாகிவிட்டது அக்கா, இன்றைக்கே கட்டுங்கள் என்று ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. ஐந்து வருடத்துக் கட்டுப்பாடா, பேராசையா, இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. பேராசைதான். வேறென்ன?

"சர்வர் ப்ராப்ளமா இருக்கும்கா. கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்."

"அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் டேப்பைக் கீழே இறக்கி இடுப்பை அளந்தார்.

வெளியே வந்து பாண்டி பஜாரின் அகல நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை நடந்தேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை மாடிப்படி வரைக்கும் போனேன். பிறகு பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே அந்தப் பெயரின் நிலையைப் பார்ப்பேன். கட்டியிருக்கக் கூடாதா என்று ஒரு மனம், கட்டிவிடக் கூடாதே என்று இன்னொரு மனம். முதல் மாத அவகாசம் முடிந்தது. அபராதக் காலம் ஆரம்பித்தது. கூட்டாளி போன் செய்தான்.

"யக்கா, நீ போட்டியே அந்தப் பேரு, செம மால். ஒரு துணிக் கம்பெனிக்காரன் இந்த மாதிரிதான் கேட்டுக்கினு கீறான். நான் சொல்லி வெச்சிட்டேன்."

"அவசரப்படாதடா. இன்னும் விழல."

"வுழும் வுழும். உன் குரலு ஏன் ஒரு மாதிரி கீது?"

"ஜலதோஷம்" என்றேன்.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு பிளவுஸ் வாங்கப் போனேன். எப்போதும் மிஷின் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்கும். அன்று ஒரு மிஷின்தான் ஓடியது. அக்கா மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் பட்டு பிளவுஸ்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"கனடாக்காரி கல்யாணத்துக்குத் தச்சது. கை எம்புராய்டரி. கொக்கி வைக்கணுமா ஜிப் வைக்கணுமான்னு கேட்டுட்டு அனுப்பணும். அவ எங்க இருக்கா, போன் நம்பர் என்ன, ஒண்ணும் தெரியலை. எல்லாம் அந்த மெயில்லதான இருந்துச்சு. அவ அனுப்புன மெயிலும் திரும்பிப் போயிருக்கும்போல. துட்ட வாங்கிட்டு ஓடிட்டா, திருடின்னு கூகுள்ல எழுதிப் போட்டுட்டா பிள்ள. திருடியாம்."

அவர் கண் கலங்கியது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அந்த வெப்சைட்டு செஞ்சு குடுத்தவனுக்கு அடிச்சா நம்பரே இல்லேங்கு. வேற யார்ட்டயாது கேப்போம்னு நெனச்சேன். நீதான் தானா சரியாயிரும்னு சொன்னியா, அதான் விட்டுட்டேன்."

அன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அபராதம் கட்டி மீட்டிருக்கலாம். சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பாரே, அதற்கு என்ன பதில்? "நான் பாக்கறேன்கா" என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினேன். நாளைக்குக் காலையில் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, வருவது வரட்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் நிலையைப் பார்த்தேன். மாறியிருந்தது. கடைசி ஐந்து நாள் தொடங்கிவிட்டது. சே, என்ன ஜென்மம் நான் என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். கணவர் பயந்துபோய் என்ன என்று கேட்டார். முதல் தடவையாகக் கட்டுப்பாட்டை மீறி அவரிடம் பெயரையும் சொல்லி, கதையையும் சொன்னேன். அவர் கிண்டல் செய்யவில்லை. "இப்ப என்ன பண்ண முடியும்?" என்றார்.

பிடிக்க முடியும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. பிடித்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அழித்தேன். அழித்தால் கூட்டாளி மறந்துவிடுவான் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. அவன் ஏற்கெனவே தன் கணக்கிலிருந்து வலையை விரித்து வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன். ஆக, ஒரே பெயருக்காக நானும் என் கூட்டாளியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போட்டிக்கு நின்றோம்.

விழும் நாளன்று மந்தைவெளியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டுவரை. முதல் நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்களாம், எனக்கு எங்கே பேப்பர் படிக்கப் பொறுமை? மடிக்கணினியை அள்ளிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் நூலகத்துக்கு ஓடினேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நான் மட்டும் நொடிக்கொரு தரம் பொத்தானை அமுக்குவதும், நாற்காலியை இழுப்பதும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுமாக இருந்தேன். பக்கத்திலிருந்த பெண் இரண்டு தடவை முறைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டேன். கடவுளே, இந்த ஒன்றை மட்டும் கொடு, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு விழுந்தது. என் திரையில், வேறொருவர் பதிவு செய்துவிட்டார் என்று வந்தது.

போன் அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு ஓடினேன்.

"யக்கா! மாட்டிக்கிச்சு! அந்தத் துணிக் கம்பெனி பேரு! இன்னா, கத்துவேன்னு பாத்தா சைலன்ட்டா கீற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்தான். முகம் தெரியாத போட்டிக்காரன் எவனும் இல்லை, அவன்தான். "அங்கயே இருடா, வரேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் அடையாறுக்குப் போனேன். அவன் வீட்டுக்குக் கீழே டீக்கடை. நின்றபடியே முழுக்கச் சொன்னேன், அளவெடுத்தபோது சொன்ன பொய்யையும் சேர்த்து. அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"இன்னா யக்கா, என்னாண்டயே ஆட்டையைப் போடப் பாத்தியா? லிஸ்ட்ல காணமேன்னு பாத்தேன்."

"தப்புதான். அதைக் கொடுத்துடு."

"கஸ்டமருக்கு இன்னா பதில் சொல்றது? பிளவுஸ் தைக்கிறவங்களுக்காவ இவ்ளோ சீனா?"

"என்கிட்ட இருக்கறதுல எது வேணுமோ எடுத்துக்கோ."

நான் முதன்முதலில் பிடித்த பெயர் ஒன்று இருந்தது. யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அவன் யோசிக்கவே இல்லை, அதைத்தான் கேட்டான். கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பெயர் கை மாறியது. "இனிமே தனித்தனியா பாத்துக்கலாம் யக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே என்னவோ போல இருந்தது.

மறுநாள் அக்கா கடைக்குப் போய், பெயர் காலாவதியாகியிருந்தது, தினமும் பார்த்திருந்து பிடித்தேன் என்று மட்டும் சொல்லி, அவர் பெயரிலேயே, அவர் கைபேசி எண்ணிலேயே எல்லாவற்றையும் மாற்றினேன். எச்சரிக்கை வந்தால் இனி அவர் கைக்கே வரும். பழைய பக்கங்கள் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. பெயரை இணைத்ததும் படிவம் திறந்தது. பழைய மெயில்களும் இருந்தன, அந்தக் கனடாப் பெண்ணின் விலாசமும் இருந்தது. ஆனால் அவளுடைய கல்யாணம் முடிந்திருந்தது. அக்கா அவளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார், நான் தட்டி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனாலும் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கைகளை விடுவித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்கப் போனேன். ஒரு அம்மாள் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் காட்டி அவரிடம் சொன்னார்.

"இவதான் என் கடையக் காப்பாத்துனா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த சொன்னேன், பாத்துக்கோங்க. அன்னைலேர்ந்து தெனம் அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா, பாவம். யாரு செய்வா?"

காது எரிந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் போகும்வரை புடவைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் நல்ல பெயர்தான் எனக்கு. முடியவில்லை.

"அக்கா, அது சர்வர் ப்ராப்ளம் இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க பணம் கட்டாம விடுவீங்க, நான் பிடிச்சு வித்துடலாம்னு இருந்தேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மிஷினில் உட்கார்ந்திருந்த பெண் காலை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"நான் அளவெடுக்கும்போதே தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாக்கா."

"அவ என்னைத் திருடின்னு எழுதுனத நான் சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரேக்கிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் ஆளுக்கொரு பக்கமாக அதில் எழுதி வைத்திருப்பார். பக்கங்களைத் தள்ளி, என் பக்கத்தைத் தேடி, ஸ்கேலை வைத்து ஓரம் பிசிறாமல் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"உன் அளவு எல்லாம் இதுல இருக்கு. எடது தோளு ஒனக்குக் கொஞ்சம் எறக்கம், தைக்கிறவங்ககிட்ட மறக்காம சொல்லிரு. இனிமே வேற எங்கயாது தச்சுக்கோ."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் பிடிக்கிற வேலையை அதோடு விட்டேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறொரு தையல்காரரிடம் போக இதுவரை என்னால் முடியவில்லை. கல்யாணம், விசேஷம் எதுவானாலும் ரெடிமேட் பிளவுஸ்தான் போட்டுக்கொள்கிறேன். இடது தோள் நழுவிக்கொண்டே இருக்கிறது. நாள் முழுக்க அதை மேலே இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறேன்.